சுவரில் நின்ற வெற்றி: திப்பு சுல்தானும் தாரியா தௌலத் தோட்ட மாளிகையும்

தலைநகர் அரண்மனையை அரசர் ஆட்சிக்கெனக் கட்டினர். ஊர்ப்புறத்துத் தோட்ட மாளிகையைத் தம் உள்ளத்துக்கெனக் கட்டினர். கொலுமண்டபத்தில் முன்னோர் வகுத்த முறைமை நிற்கும். தோட்ட மாளிகையிலோ அரசர் எதைக் கண்டு மகிழ விழைந்தார் என்பது நிற்கும். ஆதலின் ஓர் அரசரின் நெஞ்சை அறிய முற்படுவோர் அவர்தம் தோட்ட மாளிகையை நோக்குதல் பயன் தரும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீன், தலைநகருக்கு அணித்தாய் அமைந்த சார்ஸ்கோயி செலோ என்னும் ஊர்ப்புற அரண்மனையில் வேனிற் காலங்களைக் கழித்தார். நீலமும் வெண்மையும் பொன்னும் இழைத்து இராஸ்திரெல்லி என்னும் கலைஞர் 1750களில் உருவாக்கிய மாளிகை அது. 1770ஆம் ஆண்டு செஸ்மே கடற்போரில் துருக்கியரை வென்றதன் நினைவாக, அத்தோட்டத்துப் பேரேரியின் நடுவே ஒரு வெற்றித்தூணை அவர் நாட்டுவித்தார். படகில் உலவும் போதும் கண்ணெதிரே வெற்றி நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம் போலும். ஏறத்தாழ அதே காலத்தில், காவிரி சூழ்ந்த சீரங்கப்பட்டணத்தில் மற்றோர் அரசரும் தம் தோட்ட மாளிகையில் தம் வெற்றியை நிறுத்தினார். அவர் தூண் நாட்டவில்லை. சுவர் முழுதும் ஓவியமாக எழுதுவித்தார். அவ்வரசர் திப்பு சுல்தான். அவ்வெற்றி விளைந்த களம் புள்ளலூர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் வழியே மேற்கு நோக்கிச் சென்றால் காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. இம்மண்ணில் நிகழ்ந்த போர் கன்னட நாட்டு மாளிகைச் சுவரில் ஏறிய வரலாறே திப்புவின் வாழ்க்கை வரலாற்றின் நடுநரம்பு எனலாம்.

ஆர்க்காடு தந்த பெயர்

திப்பு 1750ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தையார் ஐதர் அலி. தாயார் பாத்திமா பக்ருன்னிசா. ஆர்க்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறையடியாரின் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பட்டது. மைசூர்ப் புலி என உலகம் அறிந்த பெயர் தமிழ்நாட்டு அடக்கத் தலம் ஒன்றிலிருந்து சென்றது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஐதர் அலி எழுத்தறிவு பெறாதவர்; படைவீரராகத் தொடங்கி மைசூர் அரசின் முழு அதிகாரத்தையும் 1761ஆம் ஆண்டளவில் கைக்கொண்டவர். தமக்கு வாய்க்காத கல்வி மகனுக்கு வாய்க்க வேண்டும் என்று அவர் கருதினார். திப்பு பாரசீகம் முதலிய மொழிகளையும் சமய நூல்களையும் கற்றார். பிரெஞ்சு அதிகாரிகளிடமிருந்து புதிய போர்முறையையும் பயின்றார். பிற்காலத்தில் அவர் நூலகத்தில் ஏறத்தாழ 2,000 சுவடிகள் இருந்தன.

முதல் மைசூர்ப் போரில், 1767ஆம் ஆண்டு, பதினேழு வயதை எட்டாத திப்பு குதிரைப்படையொன்றை நடத்திச் சென்னையின் புறநகர் வரை வந்தார். அங்கே கும்பினி அதிகாரிகள் கோட்டையை விட்டு நீங்கி இளைப்பாறும் தோட்ட வீடுகள் இருந்தன. அவ்வீடுகள் சூறையாடப்பட்டன. பகைவரின் தோட்ட வீடுகளைக் கண்ட அவ்விளைஞரே பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தமக்கெனத் தோட்ட மாளிகை எழுப்பினார். 1769இல் ஐதர் அலியே சென்னையின் வாயில்வரை வந்து நின்று ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் கூறு. பின்னர் மராத்தியர் மைசூர்மேல் படையெடுத்தபோது ஆங்கிலேயர் உதவவில்லை. 1779இல் மாகேயில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகத்தையும் அவர்கள் கைப்பற்றினர். அடுத்த போர் இவ்வாறு மூண்டது.

புள்ளலூர்க் களம்

1780ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஐதர் அலி எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படையுடன் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டு நாட்டில் இறங்கினார். சென்னையைச் சூழ்ந்த சீமை எரியூட்டப்பட்டது. எரிந்த ஊர்களின் புகை சென்னையிலிருந்தோர் கண்களுக்குத் தெரிந்தது. பகைநாட்டை எரியூட்டுதலை எரிபரந்தெடுத்தல் என வஞ்சித்திணையின் துறையாகத் தொல்காப்பியம் வகுத்து வைத்துள்ளது. இலக்கணம் துறையாக்கிய அச்செயல் இங்கே கண்ணெதிரே நடந்தது. பகைப்படைக்கு உணவும் வைக்கோலும் கிடைக்கலாகாது என்பது ஐதரின் போர்க்கணக்கு. அக்கணக்கில் எரிந்தவை உழவர் தம் குதிர்களும் கூரைகளும் ஆகும்.

கும்பினிப் படைத்தலைவர் எக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் பாசறை அமைத்தார். குண்டூரிலிருந்து வரும் கர்னல் வில்லியம் பெய்லியின் படை அவருடன் சேர வேண்டும். பெய்லி ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் கொற்றலையாற்றங்கரையை அடைந்தார். ஆற்றில் வெள்ளம் பெருகியதால் சில நாள்கள் கரையிலேயே தங்க நேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஒரு தமிழ்நாட்டு ஆறு அப்போரின் போக்கை மாற்றிற்று. அதற்குள் ஐதர் தம் மகனைப் பெய்லிக்கு எதிராக அனுப்பினார்.

செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்புவின் படையும் பெய்லியின் படையும் மோதின. முடிவு ஏதும் எட்டப்படவில்லை. மன்றோ அனுப்பிய பிளெட்சரின் துணைப்படை வந்து சேரவே, பெய்லியின் படை ஏறத்தாழ 3,800 பேர் கொண்டதாயிற்று. 9ஆம் நாள் இரவு அது காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டு, இடைவழியில் தங்கியது. 10ஆம் நாள் விடிந்தபோது புள்ளலூர் அருகே திப்புவின் பீரங்கிகள் எதிர்ப்பட்டன. ஐதரின் பெரும்படையும் வந்து சூழ்ந்தது. இரும்புக்குழல் பொருத்திய மைசூர் ஏவுகணைகள் சீறிப் பாய்ந்தன. கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அணிவகுப்பு கலைந்தது. பிளெட்சர் மடிந்தார், பெய்லி காயமுற்றுச் சிறைப்பட்டார். ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்த மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அவர் தம் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினார்.

இந்திய மண்ணில் ஆங்கிலேயர் அதுவரை அடைந்திராத படுதோல்வி இது. திப்புவுக்கு அப்போது முப்பது வயதும் நிரம்பவில்லை. வீழ்ந்தோருள் மிகப் பலர் ஆங்கிலேயர் அல்லர், கும்பினியிடம் சம்பளம் பெற்ற தென்னாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் மறத்தற்கில்லை. மறு ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அயர் கூட் அதே களத்தில் ஐதரை எதிர்த்துப் போரிட்டார். அப்போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத்தூண்கள் புள்ளலூர் வயல்வெளியில் உள்ளன. பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை அழித்த இடமாகக் காசக்குடிச் செப்பேடு குறிப்பதும் இப்புள்ளலூரே. இரு பேரரசுகள் பொருதற்கு ஏற்ற வெளியாக இச்சிற்றூர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்துள்ளது.

காவிரிக்கரைத் தோட்ட மாளிகை

ஐதர் அலி 1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த பாசறையில் காலமானார். மலபாரில் போரிட்டுக் கொண்டிருந்த திப்பு விரைந்து திரும்பி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1784 மார்ச்சுத் திங்களில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அந்த ஆண்டிலேயே தாரியா தௌலத் தோட்ட மாளிகை எழுந்தது. நீர்ப்பெருக்கின் செல்வம் என்னும் பொருள்பட அமைந்த பெயர் அது. காவிரியை அடுத்த மாளிகைக்குப் பொருந்திய பெயரே.

கோட்டை மதிலுக்கு வெளியே, விரிந்த தோட்டத்தின் நடுவே, உயர்ந்த மேடைமேல் மாளிகை அமைந்துள்ளது. நாற்புறமும் திறந்த தாழ்வாரம் ஓடுகிறது. தேக்கு மரமே கட்டடத்தின் உயிர். கற்பீடங்கள்மேல் நிற்கும் மரத்தூண்கள், பல இதழ் வளைவுகளைத் தாங்குகின்றன. கிழக்கிலும் மேற்கிலும் முழுச்சுவர்கள் உள்ளன. வடக்கும் தெற்கும் தூண்கள் தாங்கிய உள்வாங்கிய முகப்புகளாக விளங்குகின்றன. நான்கு மாடிப்படிகள் கண்ணில் படாதவாறு உள்ளடங்கி அமைந்து, நடுக்கூடத்தைச் சூழ்ந்து நான்கு அறைகள் உண்டாகச் செய்துள்ளன. மேல்தளத்து முன்மாடங்களில் அமர்வோர் கீழ்க்கூடத்தையும் தோட்டத்தையும் ஒருசேரக் காணலாம். தலைவெயில் உள்ளே புகாது. காற்று தடையின்றிப் புகும். வேனிற்கால வாழ்வுக்கெனவே திட்டமிட்ட கட்டடம் இது. உட்சுவர், தூண், வளைவு, கூரை என எங்கும் பூங்கொடி வேலைப்பாடு பரந்து கிடக்கிறது. வெளியிலுள்ள தோட்டம் வண்ணமாக உள்ளே நுழைந்துவிட்டது போன்ற தோற்றம் அது.

தோட்டங்கள்பால் திப்புவுக்கு இருந்த ஈடுபாடு தந்தைவழி வந்தது. பெங்களூர் லால் பாக் தோட்டத்தை ஐதர் 1760ஆம் ஆண்டு தொடங்கினார். திப்பு அதனை விரிவுபடுத்தி அயல்நாடுகளிலிருந்து மரஞ்செடிகளைத் தருவித்தார். சீரங்கப்பட்டணத் தீவின் கீழ்க்கோடியிலும் லால் பாக் என்னும் மற்றொரு தோட்டமும் மாளிகையும் இருந்தன. அத்தோட்டத்தில் தந்தையாருக்கு எழுப்பிய கும்பஸ் என்னும் கல்லறை மாடம், கருங்கல் தூண்கள் சூழ இன்றும் நிற்கிறது. பட்டுப்புழு வளர்ப்பை மைசூரில் வேரூன்றச் செய்தவரும் திப்புவே.

மேற்குச் சுவர்

தாரியா தௌலத்தின் மேற்குச் சுவரே அதன் இதயம். வாயிலின் ஒருபுறம் ஐதரும் திப்புவும் படைகளோடு அணிவகுத்துச் செல்கின்றனர். மறுபுறம் புள்ளலூர்ப் போர். நடுவில் சதுரமாக வளைந்து நிற்கும் கும்பினிப் படை; அதற்குள் பல்லக்கில் காயமுற்ற பெய்லி; அருகே தீப்பற்றி வெடிக்கும் மருந்து வண்டி; நாற்புறமும் பாய்ந்து வரும் குதிரைவீரர்; தொலைநோக்கியைக் கையில் ஏந்திய பிரெஞ்சு அதிகாரி. குதிரைமேல் அமர்ந்த திப்பு, களத்தின் ஆரவாரத்துக்கிடையே சற்றும் பதறாதவராய்க் காட்சி தருகிறார். காலம் கடந்து வந்து உதவாது போன ஐதராபாத்து நிசாமை எள்ளும் பகுதியும் ஓவியத்தில் உண்டு. கிழக்குச் சுவரில் அக்காலத்து அரசர்களும் தலைவர்களும் தத்தம் அவைகளில் வீற்றிருக்கின்றனர். தஞ்சை மன்னரும் அவர்களுள் ஒருவர்.

ஓவியத்தில் பெய்லி பல்லக்கில் இருக்கிறார். உண்மையில் அவர் இம்மாளிகை எழுவதற்கு முன்னரே, 1782 நவம்பரில், சீரங்கப்பட்டணச் சிறையில் இறந்துவிட்டார். சிறைப்பட்டோர் பலர் ஆண்டுக்கணக்கில் விலங்கோடு கிடந்தனர். பூங்கொடி எழுதிய தூண்களுக்கும் இருட்டறைச் சிறைகளுக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவுதான்.

திப்புவின் ஆட்சியும் இவ்விரு தன்மையும் உடையதே. புதிய நாணயம், புதிய அளவை, புதிய நாட்காட்டி, மஸ்கட்டில் வணிகக் கிடங்கு, துருக்கிக்கும் பிரான்சுக்கும் தூதுக்குழு என அவர் அறிவு ஓயாது இயங்கியது. 1791இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது பொருளுதவி செய்து வழிபாட்டை மீண்டும் நிலைபெறச் செய்தார். கோட்டைக்குள் அவர் அரண்மனைக்கு அருகிலேயே அரங்கநாதர் கோவில் வழிபாடு தொடர்ந்தது. அதே திப்பு குடகிலும் மலபாரிலும் தம்மை எதிர்த்தோரைக் கொடுமையாக ஒடுக்கினார், பல்லாயிரவரைக் குடிபெயர்த்தார், கட்டாய மதமாற்றமும் நிகழ்ந்தது. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

வெட்டுண்ட மரங்கள்

1789 டிசம்பரில் திப்பு திருவிதாங்கூர் அரண்வரிசையைத் தாக்க, மூன்றாம் மைசூர்ப் போர் எழுந்தது. காரன்வாலிசு பிரபு 1791இல் பெங்களூரைக் கைப்பற்றி, 1792 பிப்ரவரியில் சீரங்கப்பட்டணத் தீவில் இறங்கினார். லால் பாக் மாளிகை ஆங்கிலேயரின் மருத்துவமனை ஆயிற்று. முற்றுகைக்கு வேண்டிய தட்டிகளும் கட்டுகளும் செய்ய, திப்பு பேணி வளர்த்த தோட்டத்து மரங்கள் வெட்டப்பட்டன. சென்னைச் சீமையின் தோப்புகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த கதி சீரங்கப்பட்டணத் தோட்டத்துக்கும் நேர்ந்தது.

உடன்படிக்கை கடுமையானது. நாட்டில் பாதி போயிற்று. சேலம், திண்டுக்கல் பகுதிகள் கும்பினி வசமாயின. மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அது கட்டி முடியும்வரை திப்புவின் இளமைந்தர் இருவர் பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். 1794இல்தான் அவர்கள் தந்தையிடம் திரும்பினர். பதினேழு வயது நிரம்புமுன் வெற்றியோடு திப்பு வந்த சென்னைக்கு அவர் பிள்ளைகள் பிணைப்பொருளாய் வந்தனர்.

1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு தம் வீரர்களோடு வாயிலருகே போரிட்டு மாண்டார். மறுநாள் கும்பசில் பெற்றோர் அருகே அடக்கம் செய்யப்பட்டார். குடும்பத்தினர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806 சூலை 10ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின், அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஓவியத்தைக் காத்தவர்கள்

மேற்குச் சுவர் ஓவியம் ஆங்கிலேயர் முற்றுகைக்கு முன்பாகவே சிதைக்கப்பட்டிருந்தது. தோற்ற கோட்டையில் பழைய வெற்றியின் படத்துக்கு இடமில்லாது போயிற்று. சீரங்கப்பட்டணத்தின் பொறுப்பை ஏற்று இம்மாளிகையிலேயே தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அதனை மீண்டும் எழுதுவித்தார். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு இவரே. அதன்பின் ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து மைசூருக்கு வந்த தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு, பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருந்த உள்நாட்டு ஓவியர் ஒருவரைக் கொண்டு அதனைப் புதுப்பிக்கச் செய்தார். இன்று காணும் புள்ளலூர், ஓர் ஓவியரின் நினைவிலிருந்து மீண்ட புள்ளலூர். ஆங்கிலேயரின் தோல்வியைச் சொல்லும் ஓவியத்தை ஆங்கிலேயரே இருமுறை உயிர்ப்பித்தனர். இறுதி வெற்றி தமதாகிவிட்டதால் இடையில் நேர்ந்த தோல்வி அவர்களுக்கு அச்சம் தரவில்லை. அரிய பகைவரை வென்றோம் என்னும் பெருமிதத்துக்கு அது சான்றாகவும் ஆயிற்று.

லால் பாக் மாளிகை அந்தப் பேறு பெறவில்லை. அது பிரிக்கப்பட்டது. அதன் உத்திரங்கள் நீலமலைமேல் ஏறி, 1829இல் கால்கோள் இடப்பட்ட உதகை தூய ஸ்தேவான் தேவாலயத்தின் கூரையைத் தாங்கின. தாரியா தௌலத் மட்டும் நிலைத்தது. 1959 முதல் அது திப்புவின் நினைவுப் பொருள்கள் கொண்ட அருங்காட்சியகமாக விளங்குகிறது. புள்ளலூர்ப் போரைக் காட்டும் நெடிய தாள் ஓவியம் ஒன்று 2022 மார்ச்சுத் திங்களில் இலண்டன் ஏலத்தில் 6 இலட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு விலைபோயிற்று.

சுவரில் இடம்பெறாதவை

இத்தனை முறை எழுதப்பட்ட ஓவியத்தில் ஒருமுறையும் எழுதப்படாதது ஒன்று உண்டு. அதில் படை உண்டு, யானை உண்டு, பல்லக்கு உண்டு, ஊர் இல்லை. எரிந்த கூரை இல்லை. ஆற்றங்கரையில் மூட்டை முடிச்சோடு நின்ற குடும்பம் இல்லை. எரியூட்டப்பட்ட சீமையிலிருந்து மக்கள் சென்னைக்கு ஓடிவந்தனர், பஞ்சம் தொடர்ந்தது. 1782இல் இராயபுரம் பகுதியில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரமாக வளர்ந்தது. அதனை ஒட்டி எழுந்த மருத்துவமனை, பின்னாளில் ஸ்டான்லி மருத்துவமனை என்று பெயர் மாறிய பின்னரும், கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே மக்கள் நாவில் நெடுங்காலம் வழங்கியது. புள்ளலூர்ப் போருக்கு மாளிகைச் சுவர் ஒரு நினைவுச்சின்னம் என்றால், இப்பெயர் மற்றொரு நினைவுச்சின்னம். முன்னதை அரசர் எழுதுவித்தார். பின்னதைப் பசித்தவர் இட்டனர்.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில் அரண்மனையின் அமைப்பு நூல்பிடித்து அளந்தாற்போல் விரிக்கப்படுகிறது. ஆயின் அப்புலவர் பார்வை அரண்மனைக்குள் நின்றுவிடவில்லை. நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் வேந்தனையும் அவர் காட்டுகிறார். மாளிகையைப் பாடும்போதே களத்துப் புண்ணையும் பாடிய அந்த மரபுக்குத் தாரியா தௌலத்தின் மேற்குச் சுவர் இன்னும் நிரப்பப்படாத இடம் ஒன்றை வைத்திருக்கிறது. புள்ளலூரும் பேரம்பாக்கமும் கொற்றலையாறும் இவ்வட்டாரத்துக் கவிஞர்க்கு அண்மையில் உள்ளவை. திப்புவின் வீரத்தைப் பாடியோர் பலர். அவர் கொடுமையைப் பழித்தோரும் பலர். அவர் குதிரை கடந்து சென்ற வயலுக்கு உரியவனைப் பாடும் பணி இவ்வூர்ப் புலவர்க்கே எஞ்சி நிற்கிறது.